தொப்பி தைத்தவர்களும் தேர் ஓட்டியவர்களும்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் வெள்ளையடித்த சிறிய தர்கா ஒன்று நிற்கிறது. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கடல் தாண்டி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்கள், பத்திரமாகக் கரை சேர்த்த மகானுக்கு இங்கேயும் ஒரு இடம் கண்டார்கள். அதன் சுவரையொட்டிய சின்னஞ்சிறு கடையில் நெடுங்காலம் சொங்கோக் தொப்பி தைக்கப்பட்டுவந்தது. உள்ளே விறைப்புக்குக் காகிதம், மேலே கறுப்பு வெல்வெட், விளிம்பில் நெருக்கமான தையல். தைத்த கை தமிழ் முஸ்லிமுடையது. அணிந்த தலை பெரும்பாலும் மலாய்க்காரருடையது.

வந்தேறிகளை ஓர் ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நாலு தெருவைத்தான் காட்டுவேன். ஒரே மொழி பேசிய மக்கள், ஒரே சோழமண்டலக் கரையிலிருந்து, ஒரே கப்பல்களில் வந்திறங்கினார்கள். அவர்கள் கும்பிட்ட தெய்வம் எது, தொழுத திசை எது என்பதைப் பொறுத்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாழ்க்கை வேறு வேறாகப் போயிற்று.

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நாட்டிய சில ஆண்டுகளிலேயே சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஊரின் கணிசமான பகுதியினர் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய தலைவரான காதர் முகைதீனின் காலத்தில், 1801இல் தொடங்கப்பட்டதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கம்பெனி அதற்கு நிலம் கொடுத்தது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஒரு தெரு தள்ளி குயின் தெருவில் 1833இல் மகா மாரியம்மன் கோயில். எல்லோருமே வந்தவர்கள் என்பதால் யாரும் யாரையும் துரத்தவில்லை என்று சொல்லத் தோன்றும். முழு உண்மை அதுவல்ல. 1867 ஆகஸ்டில் சீன ரகசியச் சங்கங்களும் மலாய், தமிழ் முஸ்லிம்களின் செங்கொடி, வெண்கொடிக் கூட்டங்களும் அணி சேர்ந்து நாள்கணக்கில் இதே தெருக்களில் வெட்டிக்கொண்டன. அன்று அணி பிரித்தது மதமல்ல, சங்கமும் பணமும்.

தமிழ் முஸ்லிம்களுக்குத் திறந்தது மலாய் வீட்டு வாசல். தொழுகை ஒன்று, உண்ணக்கூடியது ஒன்று, நிக்காஹ் முறை ஒன்று. கடலோடி வந்த ஆண்கள் இங்கே மலாய்ப் பெண்களை மணந்தார்கள். ஜாவி பெரனாக்கான் என்ற சமூகம் பிறந்தது. 1876இல் சிங்கப்பூரில் அந்தப் பெயரிலேயே வெளிவந்த பத்திரிகைதான் மலாய் மொழியின் முதல் செய்தித்தாள். மலாக்காவில் தமிழ் வேரும் அரபு வேரும் கொண்ட குடும்பத்தில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்கிறார்கள். இருமுறை பிரதமரான மகாதீர் முகமதுவின் தந்தை பினாங்கைச் சேர்ந்தவர். முன்னோர் வழியில் இந்திய ரத்தம் உண்டென்பதை மகாதீரே சொல்லியிருக்கிறார். வந்தவரின் வம்சம் நாட்டையே ஆளுமளவுக்கு ஏற்பு கிடைத்த இடங்கள் உலகில் அதிகமில்லை.

ஆனால் அதற்கொரு விலை இருந்தது. 1957இல் வந்த மலேசிய அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் மரபுப்படி வாழ்பவரை மலாய்க்காரர் என்கிறது. மார்க்கம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. வீட்டுப் பேச்சும் மாற வேண்டும். பல குடும்பங்களில் தமிழ் அப்படித்தான் கரைந்தது. இதை மார்க்கத்தின் கட்டளை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் மார்க்கம் தமிழை விடச் சொல்லவே இல்லை. நாகூரிலும் காயல்பட்டினத்திலும் தமிழ் பேசித்தான் ஐந்து வேளையும் தொழுகிறார்கள். விலை வைத்தது அரசியல்.

இந்துத் தமிழர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை; சீனர் வீட்டு வாசல் பாதி திறந்தது. நகரத்தார் இங்கே வட்டிக்கடை வைத்தார்கள், தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் முருகனுக்குக் கோயில் எடுத்தார்கள், 1894இல் வெள்ளித்தேர் கொண்டுவந்தார்கள். தைப்பூசத்துக்கு முந்திய நாள் விடியலுக்கு முன் பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து மாடு பூட்டிய அந்தத் தேர் புறப்படும். வழிநெடுகச் சீனர்கள் தேங்காயைக் கூடை கூடையாகக் குவித்துக் காத்திருப்பார்கள். ஊதுவத்தியைக் கற்றையாகப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, பெரியவரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து உடைப்பார்கள். தேர் நகருமுன் சில்லுகளை வாரித் தள்ளித்தான் பாதை போடவேண்டியிருக்கும். காவடி எடுக்கும் சீனர்களும் உண்டு. அவர்களைச் சேர்த்தது தத்துவம் அல்ல, வேண்டுதல். வேண்டினால் தரும் தெய்வத்துக்குப் பட்ட கடனைத் தீர்த்தாக வேண்டும் என்பது குவான் யின் சந்நிதியிலும் மாரியம்மன் சந்நிதியிலும் ஒரே வழக்கம்.

இந்த ஏற்பு உண்மையானதுதான். ஆனால் அது பெரும்பாலும் திருநாளோடு நின்றுவிடுகிறது. தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை. அதே நாட்டின் வாடகை வீட்டு விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்ற வரி இன்னும் வருகிறது. தேருக்கு வழிவிடுகிற சமூகம் தேரோடு வந்தவருக்குச் சாவி கொடுக்கத் தயங்குகிறது. ஷா ஆலமில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்து 2009இல் வெட்டிய மாட்டுத் தலையோடு ஊர்வலம் வந்ததையும் மறக்க முடியாது. நம்பிக்கை ஒத்துப்போனால் மொழியைக் கேட்பார்கள், ஒத்துப்போகாவிட்டால் தூரத்தில் நிறுத்துவார்கள் என்றால், இரண்டையும் முழு ஏற்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாகூர் தர்காவுக்கு இந்துவும் போய் வேண்டிக்கொள்ளலாம். பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. ஏற்பு அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வீட்டுக்காரர் இடத்தில் நாம் இருக்கிறோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் பீகாரிகளும் ஒடிசாக்காரர்களும் உழைக்கிறார்கள். தீபாவளியை அடுத்து வரும் சத் பூஜைக்குப் பீகாரிகள் கடற்கரையில் நின்று சூரியனை வணங்குகிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனை பேர் மிரண்டுபோனார்கள் என்பதைப் பார்த்தோம். அடுத்த சத் பூஜையின்போது வேடிக்கை பார்ப்பதோடு நில்லாதீர்கள். அவர்களில் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், எந்த ஊர், என்ன சாமி என்று விசாரிக்காமல் கொடுங்கள்.