தலைமை நீதிபதி மேல் ஒரு குடிப்பழி

சென்ற பருவத்தில் எங்கள் விடுதி உணவுக் குழு, சமையற்காரர் ஒருவரைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று நீக்கியது. புகார் சொன்னவரே குழுவின் தலைவர். சமையற்காரரை அழைத்துக் கேட்கவில்லை. கை தூக்கியவர்களுள் நானும் ஒருவன். பிறகு சட்டப் பாடத்திற்காகப் படிக்கையில் ஹாங்காங் வழக்கொன்று கண்ணில் பட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஜான் வால்டர் ஹியூம் ஹாங்காங்கின் முதல் தலைமை நீதிபதி. 1844-இல் அவரும் ஆளுநர் ஜான் டேவிசும் ஒருங்கே பதவிக்கு வந்தனர். இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. ஹியூம் குடிகாரர் என்று டேவிஸ் பாமர்ஸ்டன் பிரபுவிற்குத் தனிக் கடிதம் எழுதினார். அது குடியேற்ற நாட்டு அமைச்சர் கிரே பிரபுவின் கைக்குச் சென்றது. அவரோ, முறைப்படி விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டார். வம்பாக எழுதியதை மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஆளுநருக்கு!

1847 நவம்பரில் நிர்வாகக் குழு விசாரித்தது. அக்குழுவின் தலைவர் யார் என்கிறீர்கள்? அதே டேவிஸ்தான். விருந்துகளில் நீதிபதி எப்படி நடந்தார், எப்படி நின்றார் என்பதெல்லாம் சாட்சியமாயிற்று. மூன்று குற்றச்சாட்டுகளுள் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டதென்று சொல்லி ஹியூமை இடைநீக்கம் செய்தார்கள்.

இங்கிலாந்தில் ஒரு நீதிபதியை இப்படித் தொட முடியாது. 1701-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாராளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டினால்தான் விலக்கலாம். குடியேற்ற நாட்டு நீதிபதியோ அரசியின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருப்பார். ஆளுநர் இடைநீக்கலாம், இறுதி முடிவு மட்டும் இலண்டனுடையது. அந்த ஒரு வாயில்தான் ஹியூமைக் காத்தது. கப்பலேறிச் சென்று முறையிட்டார். கிரே ஆணையை மாற்றினார். 1848-இல் ஹியூம் தம் நாற்காலிக்குத் திரும்பியபோது டேவிஸ் ஹாங்காங்கை விட்டே போயிருந்தார். ஹியூம் அதன்பின் பத்தாண்டுக்கு மேல் அப்பதவியில் இருந்தார்.

நம் அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு, குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்லத் தக்க வாய்ப்பளிக்காமல் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. விடுதிச் சமையற்காரருக்கு அப்பிரிவு எட்டாது. முறையிட அவருக்கு ஓர் இலண்டனும் இல்லை.

அவரை அழைத்துக் கேட்க வேண்டுமென்றும், புகார் சொன்னவர் அப்போது தலைமை வகிக்கலாகாதென்றும் குழுவிற்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கைத் திரும்பப் பெறுவதாகவும் அதில் எழுதியுள்ளேன். அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை.