பகடை எப்போது உருள்கிறது?

போர்டு கேம், சீட்டுக்கட்டு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது மூளை ஆட்டமா, லக் ஆட்டமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி ஓர் ஆட்டத்தை வாங்கிப் போனால் பெட்டி பரணில்தான் தூங்கும். நான் கேட்பது வேறு. அந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டம் எப்போது வருகிறது? நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்பா, முடிவெடுத்த பிறகா? கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

முதலில் பரமபதம். அதில் நீங்கள் எடுக்கிற முடிவு என்று எதுவுமே இல்லை. உருட்டுகிறீர்கள், காய் நகர்கிறது, ஏணி ஏற்றுகிறது, பாம்பு இறக்குகிறது. உங்களுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரர் உருட்டினாலும் ஒன்றும் மாறாது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கவும் சின்னப் பிள்ளைகள் எண்ணிப் பழகவும் அது போதும். மற்றபடி நான் அதை ஆட்டக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாயத்தையும் அதே மூட்டையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டும் சேர்ந்து விழக்கூடிய விதம் 16. அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதத்தில்: எட்டில் ஒரு பங்கு. இரண்டு விழுவது 3 விதம், மூன்று 4 விதம், நான்கு 3 விதம், ஐந்து 2 விதம், ஆறும், இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் விழுவதான பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். இப்போது மறுபடி உருட்ட வாய்ப்புத் தருகிற எண்கள் எவை என்று பாருங்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழுகிறவை அத்தனைக்கும் பரிசு உண்டு, அடிக்கடி விழும் இரண்டு, மூன்று, நான்குக்குக் கிடையாது. யாரோ நன்றாக யோசித்துத்தான் இதை அமைத்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம் அடுத்து நடப்பது. ஒரு பன்னிரண்டு, ஓர் ஐந்து, கடைசியில் ஒரு மூன்று என்று சேர்ந்து நிற்கிறது. எந்தக் காய்க்கு எதைக் கொடுப்பது? ஐந்தை வைத்து எதிராளியின் காயை வெட்டலாம். வெட்டினால் மறு உருட்டு. ஆனால் வெட்டப்போன உங்கள் காய் பாதுகாப்பான கட்டத்தில் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கும். அதே ஐந்தைப் பின்னால் இருக்கும் காய்க்குக் கொடுத்தால் அது பத்திரமாகப் போய்ச் சேரும். அதிர்ஷ்டம் தன் வேலையை முடித்துவிட்டது, இனி எல்லாம் உங்கள் கையில். இந்த வரிசையைத்தான் நான் விரும்புகிறேன்.

தாயத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதி. எட்டில் ஒரு பங்கு என்றேன் இல்லையா, அப்படியென்றால் எட்டு முறை உருட்டியும் ஒரு தாயமும் விழாமலிருக்க மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவராவது வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். முதல் காயை மட்டும் எல்லோரும் தாயம் போடாமலே இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்துப் பாருங்கள். மற்றக் காய்களுக்குப் பழைய விதியே இருக்கட்டும். ஆட்டம் கெடாது, யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

இனி எதிர்ப்பக்கம். ரிஸ்க் என்ற போர் ஆட்டம் 1957ல் பிரான்சில் வந்தது, உருவாக்கியவர் திரைப்பட இயக்குநர் ஆல்பர் லாமொரிஸ். அதில் முடிவு முதலில், பகடை பிறகு. படையைச் சேர்த்து, எல்லையில் நிறுத்தி, 'தாக்குகிறேன்' என்று சொன்ன பிறகுதான் பகடை உருளும். தாக்குகிறவருக்கு மூன்று பகடை, காப்பவருக்கு இரண்டு, சம எண் விழுந்தால் காப்பவர் பக்கம். மூன்றுக்கு இரண்டு என்ற சாதகமான நிலையிலும், ஒரே உருட்டலில் தாக்குகிறவர் இரண்டு படைகளை இழக்க 29 சதவீத வாய்ப்பு உண்டு. முப்பது படைகளோடு போனால் இந்த ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். நான்கைந்து படைகளோடு போனால் சமனாக நேரமே இருக்காது. சரியாக யோசித்தவர் தோற்று, யோசிக்காதவர் ஜெயிப்பதைப் பார்க்கும்போது மேஜையில் ஒரு கசப்பு வருமே, அது இந்த வரிசையால் வருவது.

1995ல் ஜெர்மனியில் வெளியான கட்டான் இந்த வரிசையை மாற்றிப்போட்ட விதத்துக்காகவே எனக்குப் பிடித்தது. அதை உருவாக்கிய கிளவுஸ் டொய்பர் செயற்கைப் பல் செய்யும் கூடம் நடத்திவந்தவர். ஒரு தீவு, 19 அறுகோணத் துண்டுகள், பாலைவனம் ஒன்றைத் தவிர மற்ற 18 துண்டுகளின் மேலும் ஒவ்வோர் எண் வில்லை. உங்கள் முறை வந்ததும் முதல் வேலையே பகடை உருட்டுவதுதான். எட்டு விழுந்தால் எட்டு எண்ணுள்ள நிலத்தை ஒட்டி வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் விளைச்சல் கிடைக்கும், யார் உருட்டினாலும். அதற்குப் பிறகுதான் பேரம்: "ஆட்டு ரோமம் இரண்டு தருகிறேன், செங்கல் ஒன்று கொடுங்கள்." பேரம் முடிந்து கட்டுமானம். அடுத்தவர் முறையிலும் உங்கள் கைக்கு ஏதாவது வருகிறது, அடுத்தவர் பேரத்திலும் உங்களுக்கு வாய் இருக்கிறது. சும்மா உட்கார நேரமில்லை.

வில்லைகளில் எண்ணுக்குக் கீழே சிறு புள்ளிகள் இருக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் அதை அலங்காரம் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு பகடை 36 விதமாக விழும், அந்த எண் அதில் எத்தனை விதமாக விழும் என்பதே அந்தப் புள்ளிக் கணக்கு. ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்து புள்ளி, இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்று. முதல் வீடு வைக்கும்போது மூன்று நிலங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தாலே பாதி ஆட்டம் கைவந்துவிடும்.

கட்டானிலும் ஒரு குறை சொல்வார்கள்: "எட்டில் வீடு வைத்தேன், எட்டு விழவே இல்லை." பத்து உருட்டலில் ஒரு எட்டும் விழாமல் போக 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதனால் புலம்பல் பொய்யில்லை. இது உங்கள் வீட்டில் சண்டையாகிறதென்றால் பகடையை எடுத்துவையுங்கள். 36 சீட்டு வெட்டி, ஒவ்வோர் எண்ணையும் அது விழக்கூடிய விதத்தின் அளவுக்கே எழுதி, கலைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். ஐந்து சீட்டு மிஞ்சும்போது எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துக் கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசிச் சீட்டுகளை எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அதிர்ஷ்டம் போய்விடாது, ஓரளவு நேர்மையாகப் பங்கிடப்படும்.

ஆனால் பகடை முதலில் உருண்டால் மட்டும் போதாது, பின்னால் வருகிற முடிவு உண்மையான முடிவாக இருக்க வேண்டும். மோனோபோலியில், நம் கடைகளில் டிரேட், பிசினஸ் என்று விற்கும் அதன் தம்பிகளில், பகடை முதலில்தான். நின்ற இடத்தை வாங்கலாமா வேண்டாமா என்பது முடிவு. கையில் பணமிருந்தால் எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள், ஆகவே அது முடிவே இல்லை. மோனோபோலியின் விதித்தாளில் ஒன்று இருக்கிறது: நின்றவர் வாங்காவிட்டால் அந்த இடம் உடனே ஏலத்துக்கு வரும். பெரும்பாலான வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள். ஏலத்தைச் சேர்த்து ஒரு தடவை ஆடிப் பாருங்கள். வேண்டுமென்றே வாங்காமல் விட்டு மலிவாக ஏலத்தில் எடுப்பது, எதிராளியை விலையேற்றி ஓட்டாண்டியாக்குவது என்று ஆட்டத்துக்கு உயிர் வந்துவிடும், சீக்கிரமும் முடியும்.

அதிர்ஷ்டத்தை முழுக்க ஒழித்த சதுரங்கமும் பல்லாங்குழியும் உயர்ந்த ஆட்டங்கள், மறுப்பேயில்லை. ஆனால் பாட்டியும் பேத்தியும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒருவரே திரும்பத் திரும்ப ஜெயிப்பார். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால்தான் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கும் உட்காருவார்.

மேட் லீகாக் உருவாக்கி 2008ல் வெளியான பாண்டமிக் இதற்கெல்லாம் ஒருபடி மேலே போகிறது. இதில் எதிராளி கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி, நான்கு நோய்களை எதிர்த்து ஆட வேண்டும். 48 நகரங்களில் சென்னையும் ஒன்று. ஒவ்வொருவர் முறை முடிந்ததும் நகரச் சீட்டுகளைத் திருப்பி, வந்த நகரத்தில் நோய்க்கட்டை ஒன்று வைப்பார்கள். மூன்று கட்டை இருக்கிற இடத்தில் நான்காவது வர நேர்ந்தால் நோய் வெடித்துப் பக்கத்து ஊர்களுக்குப் பரவும். சென்னை வெடித்தால் மும்பை, டெல்லி, கொல்கத்தா மட்டுமல்ல, கடல் தாண்டி பாங்காக்குக்கும் ஜகார்த்தாவுக்கும் போகும்.

ஆட்டத்தின் நடுவே கொள்ளைநோய்ச் சீட்டு என்று ஒன்று வரும்போது இதுவரை திருப்பிப்போட்ட நகரச் சீட்டுகளை மட்டும் எடுத்துக் கலைத்து, கட்டின் மேலேயே வைக்கச் சொல்கிறது விதி. அடியில் அல்ல, மேலே. அதாவது ஏற்கெனவே அடிவாங்கிய ஊர்களே அடுத்தும் வரும். எந்தெந்த ஊர் வரும் என்று உங்களுக்குத் தெரியும், எந்த வரிசையில் என்பதுதான் தெரியாது. சென்னையில் மூன்று கட்டை நிற்கிறது, டெல்லியிலும் மூன்று, உங்களிடம் இருப்பதோ நான்கு செயல். யாரைக் காப்பாற்றுவது? அதிர்ஷ்டம் முடிவுக்குப் பின்னால் வந்தாலும் கசக்காத ஆட்டம் இது, ஏனென்றால் அது முகம் காட்டிவிட்டுத்தான் வருகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: நன்றாக ஆடத் தெரிந்தவர் எல்லோருக்கும் உத்தரவு போட ஆரம்பித்தால் மற்ற மூவரும் கட்டை நகர்த்தும் கைகளாகிவிடுவார்கள். தெரிந்தவர் கடைசியாகப் பேசட்டும்.

சீட்டுக்கு வருகிறேன். சீட்டில் அதிர்ஷ்டம் கலைத்துப் பங்கிடுவதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. 1967ல் ஆந்திரப் பிரதேச அரசு தொடுத்த வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வழியில்தான்: விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்பதும் திறமை என்றது. டூப்ளிகேட் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் பங்கிடுவதிலுள்ள அதிர்ஷ்டத்தையும் விடவில்லை. ஒரே கைகளை எல்லா மேஜைகளிலும் ஆடவைத்து, அதே சீட்டுகளோடு யார் அதிகம் எடுத்தார்கள் என்று ஒப்பிடுகிறது.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது 304. இலங்கைத் தமிழர் வீடுகளிலும் இங்கே பல ஊர்களிலும் ஆடுவது. ஏழுக்குக் கீழுள்ளதை எடுத்துவிட்டால் 32 சீட்டு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டு. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான்: முதலில் நாலே நாலு சீட்டுப் போடுவார்கள். அதை வைத்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும், குறைந்தது 160. அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அந்த இனம்தான் துரும்பு. அதன் பிறகுதான் மீதி நான்கு சீட்டு வரும்.

அதிர்ஷ்டம் பாதி, முடிவு, மறுபடி அதிர்ஷ்டம் பாதி, அப்புறம் முழு ஆட்டமும் திறமை. இப்படி ஒரு வரிசையை வேறு எதிலும் நான் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. உங்கள் கையில் இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, கூடவே வேறோர் இனத்தில் ஓர் ஏஸ் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 28 சீட்டு, அதில் இஸ்பேட் ஐந்து. அடுத்து வரும் நான்கில் ஓர் இஸ்பேடாவது வர 57 சதவீத வாய்ப்பு. வராவிட்டாலும் துரும்பின் இரண்டு பெரிய சீட்டுகளும் உங்களிடம். 160 தாராளமாகக் கேட்கலாம். எதிரி 170க்கு ஏற்றினால்தான் யோசனை: கூட்டாளி ஏன் பேசாமல் இருக்கிறார்? அவரிடம் ஒன்றுமில்லையா, நீங்கள் கேட்டதே போதும் என்று விட்டுவிட்டாரா?

புதிதாகக் கற்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதானால் முதல் இரண்டு ஆட்டத்தைச் சீட்டுகளை மேஜையில் விரித்துவைத்தே ஆடுங்கள். ஜாக்கிக்கு அடுத்து ஒன்பது என்ற வரிசை கண்ணுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். மூன்றாவது ஆட்டத்திலிருந்து கையில் எடுக்கலாம்.