இடைத்தங்கல் நேரம்: சாங்கி விமான நிலையத்தை முன்வைத்து

கி.பி. 671ஆம் ஆண்டில் சீனத்தின் காண்டன் துறைமுகத்திலிருந்து ஈத்சிங் என்னும் பௌத்தத் துறவி கப்பலேறினார். அவர் நாடிச் சென்றது நாளந்தாவை. காற்றின் போக்கிற்கேற்பக் கப்பல்கள் சென்ற காலம் அது. எனவே சுமத்திராத் தீவிலிருந்த ஸ்ரீவிஜயத்தில் இறங்கி ஆறு திங்கள் தங்கினார். அந்த ஆறு திங்களும் அவர் கரையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வடமொழி இலக்கணம் பயின்றார். நாளந்தாவிற் கற்கப் போகின்றவர்க்கு வழியிலேயே ஒரு பள்ளி வாய்த்தது.

பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதாவுக்கு நேர்ந்தது வேறு. தில்லிச் சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் செல்லப் புறப்பட்டவர், பருவக்காற்றுக்காகக் கள்ளிக்கோட்டையில் மூன்று திங்கள் காத்திருந்தார். காற்று வந்தது. பெரிய மரக்கலத்தில் தமக்குக் கிடைத்த அறை சிறிதாக இருந்தமையால், தம் உடைமைகளை மற்றொரு சிறு கலத்திற்கு மாற்றிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையிலேயே தங்கினார். அவ்விரவு வீசிய புயலிற் பெரிய கலம் உடைந்தது. சிறு கலத்து மாலுமிகளோ அவரைக் கரையில் விட்டுவிட்டுப் பாய் விரித்துச் சென்றனர். பயணி கரையில், மூட்டை கடலில். அவர் கையில் எஞ்சியவை பத்துப் பொற்காசுகளும் ஒரு விரிப்புமே.

இவ்விருவர் வரலாற்றையும் இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. காத்திருக்கும் காலத்தைப் பயன்கொள்வதும், காத்திருக்கும்போது கலத்தையும் மூட்டையையும் தவறவிடுவதும் இன்றைய விமானப் பயணத்திலும் நிகழ்கின்றன. நம் மாணவர்கள் மேற்படிப்புக்கென்றும், பெற்றோர் பிள்ளைகளைக் காண்பதற்கென்றும் கடல் கடந்து செல்வது பெருகிவிட்ட இந்நாளில், இடைவழி விமான நிலையத்தில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு மணி நேரம் இருக்க நேர்வது பலர்க்கும் வாய்க்கும் அனுபவம். அதனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதைத் திருச்சி, சென்னைப் பயணிகள் மிகுதியாகக் கடந்து செல்லும் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தை முன்வைத்துக் காண்போம்.

முதலில், இந்தக் காத்திருப்பு ஏன் உண்டாகின்றது? எல்லா ஊரிலிருந்தும் எல்லா ஊருக்கும் நேர் விமானம் விடுதல் இயலாது. திருச்சியிலிருந்து பெர்த்துக்கு நாள்தோறும் ஒரு விமானம் நிறையும் அளவுக்குப் பயணிகள் இல்லை. ஆனால் திருச்சி, கொழும்பு, டாக்கா முதலிய ஊர்களிலிருந்து வருவோரைச் சிங்கப்பூரில் ஒன்றுசேர்த்தால் பெர்த் விமானம் நிறைந்துவிடும். ஆகவே நிறுவனங்கள் பல விமானங்களை ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்திறங்கச் செய்து, சிறிது இடைவெளிக்குப்பின் பலவற்றை ஒருசேரப் புறப்படச் செய்கின்றன. கடல் அலைபோல் வரவும் செலவும் மாறி மாறி நிகழும். நாம் ஓர் அலையிற் சென்றிறங்கி அடுத்த அலையைத் தவறவிட்டால், அதற்கடுத்த அலை வரையில் காத்திருக்க வேண்டியதுதான். 1947இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு விமானம் விட்டபோது பயணம் நான்கு நாள் நீண்டது. சிங்கப்பூரில் ஓரிரவு தங்கியே சென்றனர். அன்று விமானமே இளைப்பாறியது. இன்று விமானம் இளைப்பாறுவதில்லை; பயணிதான் காத்திருக்கின்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் சாங்கியில் நான் கண்ட ஒரு காட்சியை இங்கே கூறவேண்டும். அறுபதைக் கடந்த தம்பதியர், தஞ்சைப் பக்கத்தவர், ஆஸ்திரேலியாவிலுள்ள மகளின் பேறுகாலத்திற்குச் சென்றுகொண்டிருந்தனர். காலை ஏழே முக்காலுக்கு இறங்கியவர்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே இருக்கையில் அமர்ந்திருந்தனர். எழுந்து சென்றால் இடம் போய்விடும், வழி தவறிவிடும் என்னும் அச்சம். உண்ணவில்லை. என்னைத் தமிழர் என்று கண்டுகொண்ட பெரியவர், “தம்பி, மூணு மணிக்கு எங்க பிளைட்டு. இப்பதானே பன்னெண்டு பத்து. இன்னும் நேரம் கிடக்கு. இங்கே கஞ்சித் தண்ணி மாதிரி ஏதாவது கிடைக்குமா?” என்று கேட்டார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது இந்திய நேரம். சிங்கப்பூர் நேரமோ பிற்பகல் 2 மணி 40 நிமிடம்! அம்மையாரின் பையை நான் வாங்கிக்கொள்ள, மூவரும் ஓடினோம். வாயில் அடைபடும் தறுவாயில், இறுதிப் பயணிகளாக அவ்விருவரும் உள்ளே சென்றனர். ஏழு மணி நேரம் அஞ்சி அமர்ந்திருந்தும் விமானத்தைத் தவறவிட இருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் அந்தந்த ஊரின் நேரமே. இதனை அவர்களுக்கு எவரும் சொல்லி அனுப்பவில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் இது தெரிந்த செய்தி. அதனாலேயே சொல்லத் தோன்றவில்லை போலும்.

ஆதலின் விமானம் தரையிறங்கியதும் கடிகாரத்தைத் திருத்துதலே முதற் பணி. பின்னர்க் காலத்தைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிடுதல் வேண்டும். “எனக்கு எட்டு மணி நேரம் இருக்கின்றது” என்று தொடங்குவோர் பிழைபடுவர். புறப்பாட்டு நேரத்தில் தொடங்கி, வாயிலுக்கு வரவேண்டிய நேரம், வாயிலை அடைய நடக்கும் நேரம் என்று கழித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவதே நம்முடையது. சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை புறப்பாட்டு வாயிலிலேயே நடைபெறுகின்றது. அங்கும் வரிசை உண்டு. கையில் நிறைத்து வைத்த தண்ணீர்ப் புட்டியை அங்கே காலிசெய்ய நேரும். மூன்று முனையங்களுக்கிடையே ஓட்டுநரில்லா வான்தொடர்வண்டி செல்லும். 2017இல் திறக்கப்பட்ட நான்காம் முனையத்துக்குப் பேருந்தில்தான் செல்லவேண்டும். ஒலிபெருக்கி நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் என்று நம்பியிராமல் அறிவிப்புப் பலகையை அவ்வப்போது பார்த்துவருதல் நலம். வாயில் எண் மாறுவதும் உண்டு.

இதனினும் முதன்மையானது பயணச்சீட்டின் தன்மை. ஊரிலிருந்து இறுதி ஊர் வரையில் ஒரே சீட்டாகப் பெற்றிருந்தால், பெட்டி பெரும்பாலும் தானே அடுத்த விமானத்திற்கு மாற்றப்படும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. மலிவாகக் கிடைக்கின்றதென்று இருவேறு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கியவர்க்கு இவ்வுறுதி இல்லை. பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிட்டால், அதனை எடுக்கக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். விசா இல்லாதவர் என்செய்வார்? இவ்விடரை ஊரிலேயே அறிந்துகொள்ள எளிய வழி ஒன்றுண்டு. பெட்டியில் ஒட்டப்படும் தாளில் மூன்றெழுத்துக் குறியீடு பெரிதாக இருக்கும். எஸ்.ஒய்.டி. என்றிருந்தால் பெட்டி சிட்னிக்குச் செல்லும், எஸ்.ஐ.என். என்றிருந்தால் சிங்கப்பூரோடு நிற்கும். அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டே முகப்பை விட்டு அகலுதல் வேண்டும். இப்னு பதூதாவுக்கு அத்தகைய தாள் எவரும் தரவில்லை.

இனி, அந்தக் குடிநுழைவுக் கோட்டுக்கு உள்ளேயே இருப்பதா, வெளியே செல்வதா என்பதை முடிவு செய்யவேண்டும். ஆறு மணி நேரத்திற்குக் குறைவாயின் உள்ளேயே இருப்பது நன்று என்பது என் கருத்து. உள்ளே இருப்போர்க்கும் குறையில்லை. மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும், இரண்டாம் முனையத்தின் மாடியில் சூரியகாந்தித் தோட்டமும், முதல் முனையத்தில் கள்ளிச்செடித் தோட்டமும் கட்டணமின்றிக் காணத்தக்கவை. முனையங்களில் தொழுகைக்கெனத் தனி அறைகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு அறை தரும் விடுதிகளும் கோட்டுக்குள்ளேயே உள்ளன. முதியோர்க்கு, இரவெல்லாம் விழித்து வந்தபின், எந்தத் தோட்டத்தினும் நான்கு மணி நேர உறக்கமே இனியது. செலவைப் பார்த்து அதனைத் தவிர்ப்பது சிக்கனமாகாது.

2019இல் திறக்கப்பட்ட ஜுவல் என்னும் கண்ணாடி மாளிகையையும், அதன் கூரை நடுவிலிருந்து 40 மீட்டர் ஆழத்திற்கு விழும் அருவியையும் காணப் பலரும் விழைகின்றனர். கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி வடிவமைத்த அம்மாளிகை கோட்டுக்கு வெளியே இருப்பதால் குடிநுழைவு அனுமதியின்றிச் செல்ல இயலாது. ஆயினும் முனையங்களுக்கிடையே செல்லும் வான்தொடர்வண்டி அம்மாளிகையை ஊடுருவிச் செல்கின்றது. உள்ளிருப்போரும் அந்த வண்டியிலிருந்தவாறே அருவியைக் கண்டுவிடலாம். அது சில நொடிக் காட்சிதான். அதற்காக இருமுறை சென்றுவந்தவன் நான்.

வெளியே செல்ல இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டும். எனினும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், பிரிட்டன், கனடா, அமெரிக்கா முதலிய சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவுடன் அந்நாட்டுப் பயணத்தின் இடைவழியில் இருப்போர், சில நிபந்தனைகளுக்குட்பட்டு 96 மணி நேரம் வரையில் விசாவின்றி நுழையும் சலுகை உண்டு. இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது. நிபந்தனைகள் மாறக்கூடியவை ஆதலால் புறப்படுமுன் அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நுழைவோர் மின்னணு வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. இடைத்தங்கல் ஐந்தரை மணி நேரத்திற்குக் குறையாமலும் 24 மணி நேரத்திற்கு உட்பட்டும் இருப்போர்க்கு, நுழையும் தகுதி இருப்பின், விமான நிலையமே இரண்டரை மணி நேர நகர் உலாவைக் கட்டணமின்றி நடத்துகின்றது. தனியே செல்ல அஞ்சுவோர்க்கு அது தக்கது.

தனியே செல்ல வல்லவர்க்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு தெரு. காலை 8 மணிக்கு இறங்கி மாலை 4 மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். சோதனைகளைக் கடந்து 9 மணிக்கு வெளிவந்து தொடர்வண்டியில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் மாறினால் தெலோக் ஆயர் நிலையத்தை 10 மணிக்குள் அடையலாம். பகல் 12.30க்கு அங்கிருந்து புறப்பட்டால் 1.30க்கு மீண்டும் விமான நிலையம். நகரில் நமக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். எட்டு மணி நேரத்தில் எஞ்சியது அவ்வளவே.

அந்தத் தெருவை நான் கூறுவதற்குக் காரணம் அதுவே ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தமைதான். பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டு நகரம் விரிந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828 முதல் 1830 வரையில் எழுப்பிய நாகூர் தர்கா அத்தெருவில் நிற்கின்றது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல்; தொடக்கத்திற் கூரைக் குடிலாக இருந்தமையால் அதற்குக் குச்சுப் பள்ளி என்பது பழந்தமிழர் வழங்கிய பெயர். இடையே சீன மாலுமிகள் கடலன்னைக்கு நன்றி செலுத்திய தியான் ஹோக் கெங் கோயில். கரையேறியவர்கள் முதலில் நின்று பெருமூச்சு விட்ட இடங்கள் இவை. இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், சவுத் பிரிட்ஜ் சாலையில், 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் உள்ளது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலேறி, பினாங்கில் இடைத்தங்கி, சிங்கப்பூர் சென்ற பெரியவர்கள் நம்மூர்களில் இன்னும் சிலர் உள்ளனர். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சென்றால் அத்தெரு இன்னும் பேசும்.

பெரிய பைகளைச் சுமந்துகொண்டு சுற்றாமல் விமான நிலையப் பாதுகாப்பகத்தில் கட்டணம் செலுத்தி வைத்துவிட்டுச் செல்க. கடவுச்சீட்டும் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸும் மட்டும் உடலோடு இருக்கட்டும். சிங்கப்பூரில் நண்பகற் சோற்றுக் கடைகளில் கூட்டம் மிகுதி, 11.30க்கே உண்டு முடித்துவிடுங்கள்.