மாடியில் நாட்டுத் தக்காளி

தோட்டம் போடலாமா என்று நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அத்திப்பட்டில் இக்கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது: இங்குள்ள மண்ணை நம்பலாமா?

வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் இயங்கிவரும் இப்பகுதிக்கு நிலக்கரிச் சாம்பல் புதிதன்று. அதில் ஈயம், ஆர்சனிக் போன்றவை சிறு அளவில் கலந்திருக்கும். ஆகவே முற்றத்து மண்ணில் நடாமல், வெளியிலிருந்து வாங்கிய செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைக் கலந்து பைகளில் வளர்ப்பதே நன்று. இலையிலும் பழத்திலும் படியும் தூசியைக் கழுவ மறவாதீர்கள்.

கலப்பினப் பழத்தின் விதை தாய்ச்செடியைப் போல் காய்க்காது. நாட்டு வகையின் பூக்கள் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், ஒருமுறை எடுத்த விதை தலைமுறைகளுக்கும் உதவும். பெரியகுளத்தில் அன்னஞ்சி உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 இரகத்துக்கும் இது பொருந்தும். நன்கு பழுத்த பழத்தின் சதையை விதையோடு பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். விதையைச் சூழ்ந்த வழவழப்பு நீங்கிவிடும். நாற்றம் சற்று அதிகம்தான்! பின்னர் கழுவி, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள்.

பெருமழை ஓய்ந்தபின், மார்கழியில் விதைத்தால் கோடை வெயில் கடுமையாகும் முன் காய்க்கத் தொடங்கும். இரவு வெப்பம் மிகுந்தால் பூக்கள் உதிர்ந்துவிடும். மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்துள்ளதால் உப்பு நீரைத் தவிர்க்க வேண்டும், ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீர் இன்னும் உப்பானது. சேமித்த மழைநீரும் அரிசி கழுவிய நீரும் ஏற்றவை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரும் உறுப்பு மாற்று செய்துகொண்டோரும் மண்ணையும் உரத்தையும் தொடலாகாது. அப்பணியை உடனிருப்பவர் ஏற்கட்டும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் உரமூட்டையைத் திறந்தவுடன் நீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்குத் தனியே ஒரு சொல். நூறு கிராம் தக்காளியில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். எவ்வளவு உண்ணலாம் என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே உணவியல் வல்லுநர் கூறுவார். அதுவரை, வீட்டில் விளைந்தது என்பதற்காகக் கூடுதலாக உண்ண வேண்டாம். செடி வளர்க்கத் தடையில்லை. பழங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, விதையை மட்டும் எடுத்து வையுங்கள்.