பூட்டிய வீட்டுக்குள் யார் போய்ப் பார்த்தார்கள்?

மேட்டூர்ப் பக்கத்தில் ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் முன்பெல்லாம் முதலில் வேப்பிலை, அடுத்து மந்திரித்த கயிறு, அதற்கும் கேட்காவிட்டால் குணசீலம். சேலத்திலிருந்து நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சி போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். பெருமாள் சந்நிதியில் 48 நாள் தங்கவைத்து, உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். மேட்டூர் அணையைத் தாண்டிப் போகும் அதே காவிரிதான் அந்த ஊரையும் ஒட்டி ஓடுகிறது. வசதியுள்ளவர்கள் சென்னைக்குக் கொண்டுபோவார்கள். கீழ்ப்பாக்கம் என்ற பெயரை மட்டும் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிறவர் காதில் விழுந்துவிடக் கூடாது.

அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையே ஒரு தனியார் விடுதியிலிருந்து வளர்ந்ததுதான். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கோனலி, மனநோயாளிகளை வைத்துப் பார்க்க ஒரு வீட்டைத் தம் பொறுப்பில் நடத்தத் தொடங்கினார். கம்பெனி ஆட்களை அனுப்பியது, அதற்குப் பணமும் கொடுத்தது. வைத்தியம் என்று சொல்ல அன்றைக்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலேயே ரத்தம் இறக்குவதும் பேதிக்குக் கொடுப்பதும்தான் நடந்தது. ஆனால் வருமானம் இருந்தது. கோனலி நல்ல சொத்தோடுதான் அதைக் கைமாற்றிவிட்டுப் போனார். பின்னால் டால்டன் என்ற மருத்துவர் கைக்கு வந்து, அவர் பெயராலேயே அந்த இடம் அழைக்கப்பட்டது. கடைசியில் அரசு பொறுப்பேற்று, 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்தில் 145 பேருடன் விடுதியைத் திறந்தது.

அரசு கைக்கு வந்ததும் எல்லாம் சீராகிவிடவில்லை. 1922-இல் பெயர்ப்பலகையில் மருத்துவமனை என்று எழுதினார்கள். மதிற்சுவர் அப்படியே நின்றது. உள்ளே போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1950-களில் மனநோய்க்கு மாத்திரை வந்த பிறகுதான் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையே பிறந்தது. அந்த நம்பிக்கையை நடைமுறையாக்கியவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்தபோது, நோயாளிகளுக்குக் கைத்தொழில் பழக்கினார். குடும்பத்தாரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அரசு நிறுவனம் அல்ல, தன்னார்வ அமைப்பு. அரசுக்கு வெளியேயும் இந்த வேலையை மனிதத்தோடு செய்ய முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆனால் தனியார் என்ற சொல்லுக்கு ஏர்வாடியும் உண்டு. தர்காவைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகளில் மனநல விடுதிகள் நடந்தன. தொலைதூரக் குடும்பங்கள் ஆளை விட்டுவிட்டுப் பணம் கட்டின. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படி ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இதில் என்னை இன்றும் கொதிக்க வைப்பது ஒன்று உண்டு. தனியார் மனநல விடுதிக்கு உரிமம் கட்டாயம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லி, அது 1993-லிருந்தே நடப்பில் இருந்தது. எட்டு வருஷம் சட்டம் புத்தகத்தில் கிடந்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, பணம் கட்டிய குடும்பங்களும் பார்க்கவில்லை. அன்றைய கோனலி வீட்டிலும் இதே ஆபத்துதான் இருந்தது: தலைக்கு இவ்வளவு என்று காசு வரும், கதவு மூடியிருக்கும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எந்த மனநல நிலையமும், அரசுடையதோ தனியாருடையதோ, உரிய மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். சங்கிலி போடுவது எந்த வடிவத்திலும் குற்றம். மயக்க மருந்து கொடுக்காமல் ஷாக் வைக்கக் கூடாது. சேர்ந்திருப்பவர் வெளியே போன் பேசவும் வருகிறவர்களைப் பார்க்கவும் உரிமை உண்டு. மறுப்பு இருந்தால் மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம்.

மேட்டூர்க்காரர்களுக்கும் தூரம் குறைந்துவிட்டது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சேலத்தில் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பி, மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். குணசீலம் போவதை நான் குறை சொல்லமாட்டேன். தீர்த்தம் வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் ஒருவரைத் தனியார் நிலையத்தில் சேர்க்க வேண்டி வந்தால், பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். படுக்கும் அறையை நேரில் பாருங்கள். சொல்லாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.