கூப்பிட்டால் யார் திரும்புகிறார்கள்? ஒரு ஆன்டிபாடி குறிப்பு

எங்க ஊர் திருமயம் பஸ் ஸ்டாண்டில் நின்று "சத்தியமூர்த்தி!" என்று கத்திப் பாருங்கள். குறைந்தது மூணு பேராவது திரும்புவார்கள். பெருமாள் பேரே அதுதான். 1887-ல் இங்கே பிறந்த தலைவர் பேரும் அதுதான். அப்புறம் வீட்டுக்கு வீடு அந்தப் பேர் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆராய்ச்சிக்கூடத்தில் நான் மாட்டிக்கொண்டதும் இதே சிக்கலில்தான்.

நம் உடம்பில் கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் என்சைம் (பாடப்புத்தகத்தில் நொதி) ஒன்று உண்டு. பேர் ஃபேட்டி ஆசிட் சின்தேஸ். சுருக்கமாக ஃபாசின். 2,511 அமினோ அமிலங்கள் கோத்த ராட்சசப் புரதம், எடை சுமார் 270 கிலோடால்டன். இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்து, 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தைக் கட்டிக்கொடுக்கும். பல புற்றுநோய் செல்களில் இது அளவுக்கு மீறி இருக்கும். அதனால்தான் இதன் மேல் இத்தனை பேருக்குக் கண்.

இதைத் தேட ஆன்டிபாடி வேண்டும். புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி போட்டால், முயலின் ரத்தத்தில் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உருவாகும். செல்லில் இருக்கும் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியை ஊற்றினால், அது ஒட்டிய இடத்தில் ஒரு பட்டை தெரியும். இதுதான் வெஸ்டர்ன் பிளாட்.

எனக்கும் பட்டை தெரிந்தது. மருந்து கொடுத்த செல்லில் அது மங்கலாகவும் இருந்தது. "ஃபாசின் குறையுது சார்" என்று கைடிடம் சொல்லிவிட்டேன். படத்தைப் பார்த்த சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அது எத்தனை கிலோடால்டன்டா?"

எழுபது.

பெரிய புரதம் ஜெல்லை விட்டு லேசில் நகராது. என் ஃபாசின் ஜெல்லிலேயே தங்கிவிட்டது. சவ்வில் திரும்பிப் பார்த்தது வேறு யாரோ ஒரு சத்தியமூர்த்தி. அடர்த்தி குறைந்த ஜெல் போட்டு, குளிர் அறையில் ராத்திரி முழுக்க மாற்றிய பிறகுதான் 270 பக்கத்தில் அசல் பட்டை வந்தது. ஃபாசின் மரபணுவை அடக்கிய செல்லில் அந்தப் பட்டை மங்கியது, எழுபது அப்படியே நின்றது. சந்தேகம் தீர்ந்தது. அசல் பட்டையோ மருந்துக்கு அசையவே இல்லை. அடுத்த லேப் மீட்டிங்கில் "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தவறி ஒட்டுவது சில சமயம் புதையலையும் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிரான்சிஸ் குஹாஜ்டா குழுவினர், ஹாப்டோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்துக்கென்று செய்த ஆன்டிபாடியை மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்தினார்கள். அது ஒட்டிய கட்டிகள் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று 1989-ல் எழுதினார்கள். ஒட்டிய புரதத்துக்கு ஓஏ-519 என்று பேர் வைத்தார்கள். 1994-ல் ஆள் யாரென்று தெரிந்தது: ஃபாசின்! புற்றுநோயில் ஃபாசின் ஆராய்ச்சி சூடுபிடித்தது அதற்கப்புறம்தான்.

வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் திரும்பியவர் யாரென்று விசாரித்தார்கள். நான் விசாரிக்கவில்லை. குப்பியின் மேல் ஒட்டிய பேர் கம்பெனி வைத்த பேர். எடை சரியா, மரபணுவை அடக்கினால் பட்டை குறைகிறதா என்று பார்க்கிற வேலை நம்முடையது.