சி.எஸ்.டபிள்யூ.ஏ. தேர்வு: அளவை மாத்தினாலும் உடையாத மாடல்

இந்த வாரம் சாலிட்வொர்க்ஸ் சான்றிதழ் தேர்வைப் பத்திப் பேசலாம். டிப்ளமோவோ பி.இ. மெக்கானிக்கலோ முடிச்சுட்டு கேட் கோர்ஸ் போறவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "சார், எல்லா கமாண்டும் தெரியும். தேர்வு எழுதிடலாமா?"

கோர்ஸ் ஃபீஸ் கட்டி, வீட்ல பதில் சொல்ல வேண்டிய நிலைமையில இருக்கிறவங்க இவங்க. அதனால நேராவே சொல்றேன். கமாண்ட் தெரியுறது பாதிதான். மீதி, நீங்க கட்டின மாடலோட ஒரு அளவை மாத்தினா அது ஒழுங்கா மாறுதாங்கிறதுல இருக்கு.

முதல்ல மதிப்பெண் கணக்கைப் பார்ப்போம். முதல் நிலைத் தேர்வுக்கு சி.எஸ்.டபிள்யூ.ஏ., அதாவது சர்ட்டிஃபைடு சாலிட்வொர்க்ஸ் அசோசியேட்னு பேரு. பல வருஷமா அதுக்கு இருந்த வடிவம் 3 மணி நேரம், 14 கேள்வி, மொத்தம் 240 மதிப்பெண். 165 எடுத்தா பாஸ். டிராயிங் வியூ பத்தின 3 கேள்விக்கு தலா 5. பார்ட் மாடலிங்ல 7 கேள்விக்கு தலா 15. அசெம்பிளியில 4 கேள்விக்கு தலா 30.

கூட்டிப் பாருங்க. அசெம்பிளி மட்டும் 120, அதாவது சரிபாதி. பார்ட், டிராயிங் எல்லாத்தையும் ஒரு தப்பு இல்லாம போட்டாலும் 120-தான் வரும், பாஸ் ஆக முடியாது. ஆனா நம்ம பசங்க பயிற்சி நேரத்துல பெரும்பகுதியை பார்ட்டுலயே செலவு பண்றாங்க, அசெம்பிளியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிடுறாங்க. தேர்வோட வடிவத்தை அவ்வப்போது மாத்துவாங்க, அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதிகாரப்பூர்வப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துடுங்க.

அடுத்து, கேள்வி எப்படி வரும்? ஒரு படம் கொடுப்பாங்க. சில அளவுகள் ஏ, பி, சி-ன்னு எழுத்தா இருக்கும், அதுக்கான மதிப்பு பக்கத்துல இருக்கும். மாடலைக் கட்டி, எடை எத்தனை கிராம்னு சொல்லணும். முதல் கேள்விக்கு நாலு விடை கொடுத்திருப்பாங்க. உங்க விடைக்கு 1 சதவீதத்துக்குள்ள எதுவும் இல்லன்னா மாடலைத் திரும்பப் பாருங்கன்னு குறிப்பும் இருக்கும். அதுக்கு அடுத்த கேள்வியில அதே மாடலோட அளவுகளை மாத்தச் சொல்லுவாங்க. இப்போ விடையை நீங்களே டைப் பண்ணணும், தேர்ந்தெடுக்க ஒண்ணும் இருக்காது.

ஒரு சின்ன உதாரணம். 100 × 60 மி.மீ. பிளாக், தடிமன் 20, நடுவுல 20 மி.மீ. விட்டத்துல ஒரு துளை. மெட்டீரியல் 1060 அலாய், அடர்த்தி 0.0027 கிராம்/கன மி.மீ. எடை 307.04 கிராம். துளையை 'த்ரூ ஆல்' கொடுத்தும் போடலாம், 'பிளைண்ட்' கொடுத்து ஆழம் 20-ன்னும் போடலாம். ரெண்டுக்கும் எடை ஒண்ணுதான். முதல் கேள்வியில ரெண்டு பேருமே சரி.

அடுத்த கேள்வியில தடிமன் 25-ன்னு மாத்தச் சொல்றாங்க. த்ரூ ஆல் போட்டவருக்கு 383.79 கிராம் வரும். பிளைண்ட் போட்டவருக்குத் துளை அடியில 5 மி.மீ. அடைபட்டு நிக்கும், எடை 388.04 வரும். திரையில சிவப்பா ஒரு எரரும் வராது. மதிப்பெண் மட்டும் போயிடும்.

இன்னொரு விஷயம். துளை நடுவுல இருக்கணும்னு படத்துல தெரியுது. அதை இடது ஓரத்திலிருந்து 50-ன்னு அளவு கொடுத்துப் போட்டா, நீளத்தை 140 ஆக்கும்போது துளை பழைய இடத்துலயே நிக்கும். எடை சரியாவே வரும், ஆனா சென்டர் ஆஃப் மாஸ் தப்பா வரும். அதனால பயிற்சி பண்ணும்போது மாஸ் ப்ராபர்ட்டீஸ்ல எடையோட சென்டர் ஆஃப் மாஸையும் சேர்த்துப் பாருங்க. துளையை ஆரிஜினோட கட்டிட்டு, பிளாக்கை ஆரிஜினை மையமா வெச்சு வரைஞ்சா இந்தப் பிரச்சினையே வராது.

இதிலிருந்து நாலு பழக்கம் சொல்றேன். ஒண்ணு, ஆரம்பிக்கும்போதே யூனிட், டெசிமல், மெட்டீரியல் மூணையும் செட் பண்ணிடுங்க. மெட்டீரியல் போட மறந்தா சாலிட்வொர்க்ஸ் தண்ணியோட அடர்த்தியை எடுத்துக்கும், மேல சொன்ன பிளாக்குக்கு 113.72-ன்னு காட்டும். ரெண்டு, ஏ, பி, சி-யை ஈக்வேஷன்ஸ்ல குளோபல் வேரியபிளா வெச்சுக்குங்க, மாத்துறது ஒரே இடத்துல முடிஞ்சுடும். மூணு, ஸ்கெட்ச் முழுக்கக் கறுப்பாகாம அடுத்த ஃபீச்சருக்குப் போகாதீங்க. நாலு, ஃபில்லெட்டை முடிஞ்ச வரைக்கும் கடைசியில போடுங்க.

அசெம்பிளியில பார்ட்டுகளைக் கொடுத்துடுவாங்க. டவுன்லோட் பண்ணி, மேட் கொடுத்து, கேட்ட கோணத்துல நிறுத்தி, சென்டர் ஆஃப் மாஸ் சொல்லணும். எக்ஸ், ஒய், இசட் விடை ஆரிஜினைப் பொறுத்தது. அதனால முதல் பார்ட்டை எங்க வைக்கிறீங்கன்றதுதான் முக்கியம். படத்துல காட்டின ஆரிஜினும் உங்க ஆரிஜினும் ஒண்ணா இல்லன்னா, புதுசா ஒரு கோஆர்டினேட் சிஸ்டம் உருவாக்கி, அதை மாஸ் ப்ராபர்ட்டீஸ்ல தேர்ந்தெடுங்க. ஆங்கிள் மேட் எதிர்ப்பக்கம் திரும்பி நிக்குதான்னு கண்ணால ஒரு தடவை பார்த்துடுங்க.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்றேன். தினமும் ஒரு படம். கட்டி முடிச்சதும் மூணு அளவை மாத்துங்க. ரீபில்ட் ஆகுதா, துளை சரியான இடத்துல இருக்கான்னு பாருங்க. உடைஞ்சா, எந்த ஸ்கெட்ச் எதைப் பிடிச்சுட்டு இருக்குன்னு தேடுங்க. நீங்க கத்துக்குறது அந்தத் தேடல்லதான். வாரத்துல ரெண்டு நாள் அசெம்பிளிக்கு மட்டும் வெச்சுக்குங்க. சாலிட்வொர்க்ஸ் தளத்துலயே மாதிரித் தேர்வு இலவசமா இருக்கு, அதை கடிகாரம் வெச்சு எழுதுங்க. விடைகளை பி.டி.எஃப்-ஆ மனப்பாடம் பண்றது உதவாது, ஏ-யோட மதிப்பு மாறினா எல்லா விடையும் மாறிடும்.

சான்றிதழ் இருந்தா வேலை கிடைச்சிடுமா? அது மட்டுமே வாங்கித் தராது. ஆனா கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி டிசைன் ஆபீஸ்ல உட்கார்ந்தா முதல் வாரமே என்ன நடக்கும்? கஸ்டமர் போன் பண்ணி, "தடிமன் 25 ஆக்கிடுங்க, சாயங்காலத்துக்குள்ள டிராயிங் வேணும்"னு சொல்லுவார். அப்போ முழுசா திரும்ப வரைய உங்களுக்கு நேரம் இருக்காது. அஞ்சு நிமிஷத்துல மாத்திக் கொடுக்கிறவங்களைத்தான் ஆபீஸ்ல தேடி வருவாங்க.

அடுத்த எபிசோட்ல சி.எஸ்.டபிள்யூ.பி. பத்திப் பேசலாம். அதுவரைக்கும் நீங்க ஏற்கெனவே போட்டு வெச்ச ஒரு மாடலைத் திறந்து, ஒரு அளவை மாத்திப் பாருங்க.